உறைக்குக் கொஞ்சம்

மார்ச் 4, செவ்வாய்

ஒன்றாம் தொட்டி இன்று முழுசாகக் காலியானது. பத்தொன்பது வருஷமாக இந்தக் கழிவுநீர் நிலையத்தில் வேலை பார்க்கிறேன், அந்தத் தொட்டியின் தரையை இன்றுதான் பார்க்கிறேன். ஊர்ச் சாக்கடை எல்லாம் வந்து சேரும் இடம். முன்னால் இருக்கும் கம்பி வடிகட்டியைத் தாண்டி எப்படித்தான் வந்தனவோ, ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு, ஒரு சாவிக்கொத்து, ஒரு பல்செட்டு.

பல்செட்டைக் குச்சியால் தூக்கிப் பார்த்துப் பளிச் சொன்னார்: "சிரிச்சுக்கிட்டே போயிருக்கு பாருங்கக்கா."

பளிச் என்பது நாங்கள் வைத்த பெயர். முப்பத்தெட்டு வயது. ஒன்பது வருஷமாகத் தற்காலிகத் தொழிலாளி. அவர் கை பட்ட இடம் பளிச்சென்று இருக்கும். சாக்கடை நிலையத்தில் ஜன்னல் கண்ணாடியை வாரத்துக்கு இரண்டு முறை துடைக்கிற மனிதர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். அவரை நிரந்தரமாக்கும் கோப்பு போன மாதம்தான் நகராட்சிக்குப் போயிருக்கிறது. பரிந்துரை எழுதியது நான்.

இனி நான்கு மாதம் ஒன்றாம் தொட்டியில் வேலை நடக்கும். தண்ணீரைக் கலக்கும் பழைய துடுப்புகளை எடுத்துவிட்டுத் தரை முழுவதும் காற்றுக் குழாய் பதிக்கிறார்கள். அதுவரை ஊர் மொத்தமும் இரண்டாம் தொட்டியின் தலையில். வேலை நடக்கிறது என்று ஊர் லீவா போடும்?

நான்கு மாதமும் இரண்டாம் தொட்டி உயிரோடு இருக்க வேண்டும். அதிலிருக்கும் பழுப்புத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள். அழுக்கைத் தின்பது அவைதான். எங்கள் வேலை அவற்றுக்கு மூச்சுவிடக் காற்று கொடுப்பது, தெளிய வைப்பது, அடியில் தங்கும் கசடை வாய்க்கால் வழியாக மறுபடி தொட்டிக்கே அனுப்புவது. மேலே தெளிந்த தண்ணீரில் மட்டும் கடைசியாகக் கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் கலந்து ஆற்றில் விடுவோம். புதுத் தொட்டி தயாரானதும் இரண்டாம் தொட்டிக் கசடைத்தான் அதில் விட வேண்டும், பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி. வீட்டில் இருக்கிற கடைசிக் கரண்டி உறை அது.

மகளிடம் இதைச் சொன்னேன். பதினாலு வயசு வாய். "அப்போ உன் பூச்சிங்களுக்கு நாலு மாசம் ஓவர்டைம்னு சொல்லு" என்றாள்.


மார்ச் 7, வெள்ளி

ஒப்பந்தக்காரரின் இன்ஜினியருக்கும் பெயர் வைத்தாகிவிட்டது. ஹெல்மெட். சாப்பிடும்போதுகூடக் கழற்றுவதில்லை. பளிச் கேட்டாராம், "சார், சாப்பாட்டுல எதுவும் மேல விழாது சார்."


மார்ச் 12, புதன்

வாடை ஆரம்பித்துவிட்டது. இரண்டு தொட்டி வேலையை ஒன்று செய்கிறது, காற்று போதவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் உள்ள வீடுகளிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஒரு அம்மா கோபமாக எதுவும் பேசவில்லை. "காலைல எந்திரிச்சா முதல்ல ஜன்னலைத்தான் சாத்தறேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

நகராட்சிப் பொறியாளர் போனில் சொன்னார், வரும் 20ஆம் தேதி ஆணையர் பார்வையிட வருகிறார். கூடவே பத்திரிகைக்காரர்கள். "வேலை நடக்குற இடம், கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்னு சொல்லிடுங்க சார்" என்றேன். "அதெல்லாம் நீங்க பார்த்துக்குங்கம்மா" என்றார்.

நான் பார்த்துக்கொள்ள வேண்டியது ரொம்ப இருக்கிறது. நான் கெமிஸ்ட். லேபில் உட்கார்ந்து தண்ணீரைச் சோதிக்கத்தான் வந்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால், வேறு ஆள் கிடைக்கும்வரை என்று நிலையப் பொறுப்பையும் கொடுத்தார்கள். வேறு ஆள் இன்னும் கிடைக்கவில்லை.


மார்ச் 18, செவ்வாய்

நாள் முழுக்க ஓட்டம். பெயின்ட், பூந்தொட்டி, பெயர்ப்பலகை. வாடை மட்டும் அப்படியே. சாயங்காலம் கிளம்பும்போது பளிச்சிடம், "நாளன்னைக்கு எப்படியாவது வாடை வரக்கூடாது. என்ன பண்ணுவீங்களோ தெரியாது" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன். அவர் முகம் வாடிவிட்டது. அப்படிப் பேசியிருக்க வேண்டாம். வாடைக்கு அவர் என்ன செய்வார்?


மார்ச் 20, வியாழன்

நன்றாகவே முடிந்தது. அதிசயம் — வாடையே இல்லை! ஆணையர் தொட்டி ஓரம் நின்று மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, "நான் கர்ச்சீஃப் எடுத்துட்டு வந்தேன்மா, வேலையே இல்லாமப் போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பளிச்சைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். கோப்பு பற்றி நான் ஒரு வார்த்தை போட்டேன். "என் மேஜைக்குத்தானே வரும், பார்க்கறேன்" என்றார்.

பளிச் அந்தக் கையைச் சாப்பிடும்வரை கழுவவில்லை. அவரா என்று ஹெல்மெட்டே ஆச்சரியப்பட்டார்.

ஒன்றே ஒன்று. தொட்டியில் நுரை வெள்ளையாக இருந்தது. எப்போதும் பழுப்பாகத்தான் இருக்கும். வெயிலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதும்போது நினைவுக்கு வருகிறது. வெயிலுக்கும் நுரையின் நிறத்துக்கும் என்ன சம்பந்தம்?


மார்ச் 21, வெள்ளி

காலையில் ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன்.

எதுவும் அசையவில்லை.

லென்ஸைத் துடைத்தேன். வேறு சொட்டு. மறுபடி வேறு. வழக்கமாகக் காம்பு வைத்த குட்டி மணிகள் மாதிரி சில உயிர்கள் இருக்கும். சுருங்கும், விரியும், சுருங்கும். மணிகள் என்றே கூப்பிடுவேன். அவை ஆடினால் தொட்டி நலம் என்று அர்த்தம். இன்று மணிகள் கிடந்தன. காம்பு தொய்ந்து, வாய் திறந்து, அப்படியே.

ஆற்றுக்குப் போகும் தண்ணீர் மதியத்துக்குள் கலங்கிவிட்டது. கீழே தோட்டங்களுக்குத் தண்ணீர் எடுக்கிறவர்களுக்குப் போன் செய்து, நான் சொல்லும்வரை எடுக்காதீர்கள் என்றேன். பொறியாளருக்கும் சொல்லிவிட்டேன்.

என்ன வந்தது? எங்கிருந்து வந்தது?


மார்ச் 22, சனி

தெரிந்துவிட்டது.

ஸ்டோரில் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளை எண்ணினேன். எட்டு குறைந்தது. வாய்க்கால் ஓரத்துக்கு வந்து பளிச்சைக் கூப்பிட்டேன். மறைக்கவே இல்லை, மனுஷன். கேட்டதும் முகத்தில் ஒரு சந்தோஷம்கூட.

"தொட்டிக்குத்தான்க்கா போட்டேன். நாலு முந்தின நாள், நாலு அன்னைக்குக் காலைல. கசடு திரும்பி வர்ற வாய்க்கால்லயே கரைச்சு விட்டேன். வாடை போயிடுச்சுல்ல?"

"யார் போடச் சொன்னா?"

"நீங்கதானேக்கா எப்படியாவது பண்ணுங்கன்னு..." குரல் இறங்கியது. "கடைசில போடுறதுதானேக்கா? அதை முதல்லயே போட்டா இன்னும் சுத்தமாயிடும்னு நெனச்சேன்."

நான் வாய்க்கால் சுவரிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அதுல உசுரு இருக்குன்னு தெரியாதா உங்களுக்கு?"

"எதுலக்கா?"

"தொட்டியில."

திரும்பித் தொட்டியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "மீன் இருக்கா?" என்று கேட்டார்.

ஒன்பது வருஷம். வருஷா வருஷம் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொருவருக்கும் மைக்ரோஸ்கோப்பில் மணிகளைக் காட்டுவேன், கதை மாதிரி சொல்லுவேன். அந்தப் பிள்ளைகளுக்கு நாற்காலி எடுத்துப் போடுவது பளிச். லென்ஸைத் துடைத்து வைப்பது பளிச். அவரை ஒரு நாள், ஒரே ஒரு நாள், "வாங்க, நீங்களும் பாருங்க" என்று கூப்பிட்டதில்லை. தெரிந்திருக்கும் என்று நினைத்தேனா? நினைக்கக்கூட இல்லை. அதுதான் உண்மை.

விளக்கிச் சொன்னேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. "நான் கொன்னுட்டேனாக்கா?"

"கொஞ்சம் மிச்சம் இருக்கும்" என்றேன். இல்லை என்று எனக்குத் தெரியும்.


மார்ச் 23, ஞாயிறு

பளிச் லீவு நாளிலும் வந்திருக்கிறார். ஒன்றும் துடைக்கவில்லை. தொட்டி ஓரம் சும்மா நிற்கிறார்.


மார்ச் 24, திங்கள்

பொறியாளர் ஏப்ரல் 2க்குள் எழுத்தில் அறிக்கை கேட்டிருக்கிறார்: என்ன நடந்தது, யார் காரணம். "யார்" என்பதற்கு ஒரு வார்த்தை போதும், பளிச்சின் கோப்பு குப்பைக்குப் போக. நிரந்தரம் மட்டும் இல்லை, தற்காலிகமும் போய்விடும். ஆணையர் கை குலுக்கின ஆள்! பத்திரிகையில் போட்டோ வந்த ஆள்!

ஹெல்மெட் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. யாரோ பட்டறைக்காரன் ராத்திரி ஏதோ ரசாயனத்தைச் சாக்கடையில ஊத்திட்டான், அடையாளம் தெரியலைன்னு எழுதிடுங்க. யாருக்கும் சேதாரமில்ல."

நல்ல மனசோடுதான் சொன்னார். பளிச்சை அவருக்கும் பிடிக்கும். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கிறேன் என்று என் வாயிலிருந்து வந்ததே எனக்கு ஆச்சரியம். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் இருந்தவள் யோசித்திருக்கவே மாட்டாள்.

அப்போது இந்த நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் — சார் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் சார் என்றே எழுதுகிறேன். மகள் பிறந்து ஆறு மாத லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது லேப் பதிவேட்டைப் பார்த்தேன். ஐந்து மாத அளவுகள், தினம் தினம், கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல். சோதனை செய்யாமல் எழுதிய எண்கள் என்று பார்த்த உடனே தெரிந்தது. அன்றைக்கே நகராட்சிக்கு எழுதினேன். ஒரு மாதத்தில் சாரைத் தூக்கி, இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிற ஊர் நிலையத்துக்குப் போட்டார்கள். போகிற அன்று என் மேஜைக்கு வந்து, "குழந்தை நல்லா இருக்காம்மா?" என்று கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

எதற்கு இதை எழுதுகிறேன்? உறைக்குக் கசடு வேண்டும். எங்கள் மாதிரியே தொட்டி உள்ள நிலையம் சுற்றுவட்டத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அங்கே பொறுப்பில் இருப்பது அவர்.

சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். பஸ் நிலையத்தில் டைம் கீப்பர், எதையும் இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவார். "பக்கத்து வீட்டுல உறைக்குக் கேட்கப் போறதுக்கு இவ்வளவு யோசனையா? இல்லன்னா இல்லம்பாங்க. திரும்பி வந்துடு."

"அந்த வீட்டுப் பாலைத் திரிய வெச்சதே நான்தான்."

மோரை ஊற்றிக்கொண்டார். "அப்ப ஏழு மணி வண்டிக்கே போ. கூட்டம் இருக்காது" என்றார்.


மார்ச் 25, செவ்வாய்

போய் வந்தேன்.

முடி நன்றாக வெளுத்திருக்கிறது. மோட்டார் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "எத்தனை லாரி?" என்றார்.

"சார்?"

"உன் தொட்டி செத்துப்போச்சுன்னு சனிக்கிழமையே லாரிக்காரன் சொல்லிட்டான். இவ எப்ப வருவான்னு பார்த்துக்கிட்டு இருக்கேன். மூணு நாள் யோசிச்சியாக்கும்?"

பன்னிரண்டு லாரி என்றேன். பதினைந்தாக எடுத்துக்கொள் என்றார். காற்று இல்லாமல் நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, வழியில் டீக்கு நிறுத்தினால் டிரைவரைக் கட்டி வை என்றார். எல்லாம் வேலைப் பேச்சு. நாற்காலி போட்டுக் கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார். எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

கிளம்பும் நேரத்தில் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு ஏன் சார் அந்த எண்களை அப்படி எழுதினீங்க?"

துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சோதனைத் தண்ணியை ஒரே சூட்டுல வைக்கிற பெட்டி கெட்டுப்போச்சும்மா. நீ லீவுல போன மாசமே. மாத்திக் குடுங்கன்னு மூணு லெட்டர் போட்டேன். நீ திரும்பி வர்ற வாரம்தான் பெட்டி வந்தது. அதுவரைக்கும் தினம் எண்ணு வரணும்னு மட்டும் போன் வந்தது. எழுதினேன். தப்புதான்."

நான் வந்தபோது பெட்டி புதிதாக இருந்தது. அது வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"ஏன் சார் அப்ப சொல்லல?"

"நீ கேக்கலையே." கோபமே இல்லாமல் சொன்னார். "நீ எழுதினது பொய் இல்ல. ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல. எழுதறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவ்வளவுதான். பக்கத்து மேஜைதானே."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரெண்டு மணி நேரமும் அதுதான் ஓடியது. பக்கத்து மேஜைதானே. பக்கத்து மேஜைதானே.


மார்ச் 29, சனி

மூன்று நாளில் பதினைந்து லாரி. இன்று மதியத்தோடு முடிந்தது.

சார் முதல் லாரியோடு தானே வந்தார். பதிமூன்று வருஷம் கழித்து வாசலில் இறங்கி, பூந்தொட்டிகளைப் பார்த்து, "ஏம்மா, இது சாக்கடையா கல்யாண மண்டபமா?" என்றார். கசடு தொட்டியில் விழுவதைக் கண்கொட்டாமல் பார்த்தார். "என் பசங்க கொஞ்சம் முரடு. உங்க ஊர் ருசி பிடிக்க ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் அதட்டாதே."

ஒவ்வொரு லாரியையும் வாங்கி இறக்கும் பொறுப்பைப் பளிச்சிடமே கொடுத்தேன். முதல் நாள் லாரிக்காரரிடம் அவர் கேட்டது: "உள்ள சோப்பு போட்டுக் கழுவினீங்களா?" லாரிக்காரர் நல்ல பெயர் வாங்க நினைத்து, "பின்ன? நல்லா நுரை வரக் கழுவினேனே!" என்று சொல்ல, பளிச் அலறி — அடுத்த லாரி ஏற்றுவதற்கு முன்னால் வெறும் தண்ணீரில் மூன்று தரம் அலசச் சொல்லி அனுப்பினார்.

சாப்பிடப் போகும்போது என்னிடம் வந்து ரகசியமாக, "கைக்கு சோப்பு போடலாம்லக்கா?" என்றார். சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அவர் கண்ணைப் பார்த்தேன். நிஜமாகவே கேட்டிருக்கிறார்.


ஏப்ரல் 1, செவ்வாய்

அறிக்கையை மூன்று தடவை எழுதினேன்.

முதல் தடவை ஹெல்மெட் சொன்ன மாதிரி. பட்டறை, அடையாளம் தெரியாத ரசாயனம். எழுதுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! அரைப் பக்கம். படித்துப் பார்த்தேன். சாரை ஊர் மாற்றிய கைதான் இது. அவர் வேறு வழியில்லாமல் எழுதிய எண்களுக்கு அவரை அனுப்பினேன், இன்றைக்கு எனக்கென்று வரும்போது எண் என்ன, கதையே எழுதுகிறேன். கிழித்தேன்.

இரண்டாம் தடவை எல்லாப் பழியும் என் தலையில், பளிச் பெயரே இல்லாமல். படிக்க உருக்கமாக இருந்தது. அதுவும் பொய்தான். எட்டு மூட்டையை நானா தூக்கினேன்? கிழித்தேன்.

மூன்றாவது: 18ஆம் தேதி சாயங்காலம் நான் சொன்ன வார்த்தை, சொன்னபடியே. அதைக் கேட்டு அவர் செய்தது. ஒன்பது வருஷத்தில் தொட்டியில் இருப்பது என்ன என்று அவருக்கு யாரும் சொல்லாதது. சொல்லியிருக்க வேண்டியவள் நான் என்பது. ஸ்டோர் சாவி யாரும் எடுக்கிற ஆணியில் தொங்கியது. கடைசியாக, இறந்த தொட்டிக்கு உறை கொண்டுவந்து இறக்கி, மூன்று நாளும் வீட்டுக்குப் போகாமல் நின்றது யார் என்பதும்.

இரண்டே முக்கால் பக்கம். நாளைக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி.


ஏப்ரல் 2, புதன்

காலையில் பளிச்சை லேபுக்குக் கூப்பிட்டு, எதிரே உட்கார வைத்து, முழுசாகப் படித்துக் காட்டினேன். குனிந்தபடி கேட்டார்.

"இதுல தப்பா ஏதாவது இருக்கா? விட்டுப்போனது ஏதாவது இருக்கா?"

தாளின் ஓரத்தை நேராக்கி வைத்தார். அப்புறம், "என் பேரை எடுத்துட்டா பொய்யாயிடுமாக்கா?"

"ஆயிடும்."

"வீட்டுல சொல்லிட்டேன்க்கா. நிரந்தரமாயிடும்னு போன மாசம் சொன்னேன். அவ அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டா." முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். "சரி. இருக்கட்டும். எழுதினது எழுதினபடி இருக்கட்டும்."

எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார். "ஒண்ணே ஒண்ணு. அழுக்கா வேலை செஞ்சேன்னு மட்டும் எங்கயும் வரலையேக்கா?"

"இல்ல" என்றேன்.

பதினொரு மணிக்குப் பொறியாளர் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். "இதைக் குடுத்தா உங்களுக்கும் நல்லதில்ல, அவனுக்கும் நல்லதில்ல, தெரியும்ல?" என்றார். தெரியும் சார் என்றேன்.


ஏப்ரல் 10, வியாழன்

அசைகிறது!

ஒரு சொட்டில் மூன்று மணிகள். கொஞ்சம் தடித்த காம்பு, சார் ஊர்க்காரர்கள். சுருங்கி விரிகின்றன. நுரை பழுப்புக்குத் திரும்பிவிட்டது. தோட்டக்காரர்களுக்கு, நாளை மறுநாள் சோதித்துவிட்டுச் சொல்கிறேன் என்று போன் செய்தேன்.

பளிச்சைக் கூப்பிட்டேன். ஒரு கண்ணை மூடத் தெரியவில்லை அவருக்கு, கையால் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை என்றார். அப்புறம் கண்ணைக் குழாயோடு ஒட்டிக்கொண்டார். வெகுநேரம் அப்படியே.

"கூப்பிடற மாதிரி இருக்குக்கா" என்றார்.

நான் அதைப் பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறேன். அப்படித் தோன்றியதே இல்லை.


மே 6, செவ்வாய்

விசாரணை. என்னை முக்கால் மணி நேரம், பளிச்சைப் பத்து நிமிஷம். வெளியே வந்ததும் என்ன கேட்டார்கள் என்றேன். "தொட்டியில என்ன இருக்குன்னு கேட்டாங்கக்கா. சொன்னேன். அப்புறம் அவங்க கேட்கவே இல்ல, நான்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

கோப்பை ஒத்திவைத்திருக்கிறார்கள். தள்ளவில்லை, ஒத்திவைத்திருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அவர் நாளைத் தள்ளுகிறார். நானும்தான்.


ஜூன் 19, வியாழன்

மகள் பள்ளியில் 'என் அம்மாவின் வேலை' என்று எழுதச் சொன்னார்களாம். "என் அம்மா கண்ணுக்குத் தெரியாத ஜீவன்களை வளர்க்கிறார். என்னையும் வளர்க்கிறார், ஆனால் நான் கண்ணுக்குத் தெரிவதால் திட்டு எனக்கு மட்டும்." திருத்தச் சொல்லவில்லை. முழு மதிப்பெண் வந்திருக்கிறது.


ஜூலை 3, வியாழன்

ஒன்றாம் தொட்டி நிறைந்தது. தரை முழுக்கக் காற்று, பொடிப் பொடியாக, மழைத்துளி கீழிருந்து மேலே போகிற மாதிரி. இரண்டாம் தொட்டியிலிருந்து கசடு விட்டோம், எங்கள் உறை, எங்கள் பாலில். வால்வைப் பளிச் திறந்தார். ஹெல்மெட் முதல்முறையாக ஹெல்மெட்டைக் கழற்றினார். வழுக்கை! இத்தனை நாளும் அதுதான் விஷயமா!


ஜூலை 14, திங்கள்

ஆணை வந்துவிட்டது. நிலையப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறேன். கெமிஸ்ட் வேலையில் தொடரலாம்.

படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தேன். வலிக்கத்தான் செய்தது. ஆறு வருஷம் வேண்டாம் வேண்டாம் என்று புலம்பிய பொறுப்பு, பிடுங்கும்போது வலிக்கிறது — மனசுக்கு வெட்கமே கிடையாது. அதே ஆணையில் இன்னொரு வரியும் இருந்தது: தொட்டி வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் பயிற்சி, நடத்துவது லேப். அதாவது நான்.

கணவர் ஆணையை வாங்கிப் பார்த்து, "இனிமே ஆறு மணி வண்டிக்கே வந்துடலாம்ல?" என்றார். அவ்வளவுதான் அவருக்கு. அதற்குமேல் எனக்கும் தேவைப்படவில்லை.


ஆகஸ்ட் 11, திங்கள்

இரண்டு தொட்டியும் ஓடுகின்றன. மதிலுக்கு அப்பாலுள்ள வீட்டில் ஜன்னல் திறந்திருந்தது. கொடியில் துணி காய்ந்தது.

நிலையப் பொறுப்புக்குச் சார் வந்து ஒரு வாரமாகிறது. ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான். அவரே கேட்டு வாங்கிக்கொண்டாராம். ஏன் என்று கேட்டேன், இப்போதெல்லாம் கேட்டுவிடுகிறேன். "என் பசங்க பாதிப் பேர் இங்கதானே இருக்காங்க" என்றார். பழைய மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து மேஜை நான்.

காலைப் பதிவேடு பளிச்சினுடையது. போன வாரம் கோப்பு கையெழுத்தாகி வந்தது. பெயருக்கு நேரே ஆபரேட்டர் என்று இருக்கிறது. 'குறிப்பு' என்ற கட்டத்தில் இத்தனை வருஷமாக எல்லோரும் 'சரி' என்று மட்டும் எழுதுவோம். அவர் உருண்டை உருண்டையாக எழுதியிருந்தார்: 'தண்ணி பழுப்பு. நுரை கம்மி. ஒண்ணாம் தொட்டி மணி 14, ரெண்டாம் தொட்டி மணி 11. எல்லாம் ஆடுது.'

சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "பதினாலுன்னு எழுதியிருக்கான். எண்ணினானா, சும்மா போட்டானா?"

"வெளியதான் சார் இருக்கார்" என்றேன்.

சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து ஜன்னலிடம் போனார். கண்ணாடி அவ்வளவு சுத்தம், திறந்திருக்கிறது என்று நினைத்து நெற்றியை இடித்துக்கொண்டார். அப்புறம் தாழ்ப்பாளை நீக்கித் தலையை வெளியே நீட்டி, "ஏம்ப்பா, இந்தப் பதினாலு?" என்று கேட்டார்.

"ரெண்டு தடவை எண்ணினேன் சார்!" தொட்டிப் பக்கமிருந்து குரல் வந்தது. "ஒண்ணு குட்டி. சேர்க்கலாமா வேண்டாமா?"

சேர்த்துக்கொள்ளச் சொல்லி, வந்து கையெழுத்துப் போட்டார்.